வேடந்தாங்கல் உத்தரவும் பழவேற்காட்டு எல்லையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தேசியப் பூங்காக்கள் தோன்றிய கதையையும், அவற்றுக்காக முதலில் குரல் கொடுத்தவர்களையும் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். இந்தக் கதையை 1872-இல் அமெரிக்காவில் தொடங்குவது வழக்கம். பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் நின்றுகொண்டு பேசும்போது எனக்கு அப்படித் தொடங்க மனம் வரவில்லை. 1997 வரை இந்தத் திருவள்ளூர்ப் பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தப் பழைய மாவட்டத்தின் தென்பகுதியில் 1798-இல் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

வேடந்தாங்கல் ஏரி சுமார் 74 ஏக்கர்தான். மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் ஐப்பசி, கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் வக்காவும் கூடு கட்டும். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாயும்போது பயிர் தனியாகத் தெரியும்படி வளர்கிறது என்பதை அந்த ஊர் மக்கள் பல தலைமுறைகளாகக் கண்டறிந்திருந்தார்கள். பறவை வந்தால் எரு வந்தது. அதனால் மரத்தில் யாரும் ஏறுவதில்லை, கல் எறிவதில்லை. ஆங்கிலச் சிப்பாய்கள் சிலர் வந்து அந்தப் பறவைகளைச் சுட்டபோது ஊரே திரண்டு கலெக்டரிடம் போய் முறையிட்டது என்று சொல்லப்படுகிறது. கும்பினி ஜாகீர் எனப்பட்ட செங்கல்பட்டுப் பகுதியின் கலெக்டராக அப்போது இருந்தவர் லயோனல் பிளேஸ். அந்த ஏரியில் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று அவர் 1798-இல் எழுத்தில் ஓர் உத்தரவு கொடுத்தார். 1858-இல் ஊரார் அதைப் புதுப்பித்து வாங்கினார்கள்.

லயோனல் பிளேஸ் என்ற பெயர் உங்களில் பலருக்கு வேறு வழியில் தெரிந்திருக்கும். மதுராந்தகம் ஏரிக்கரை உடையாமல் இராமரும் இலக்குவனும் காவல் நின்றதைக் கண்டதாக ஏரிகாத்த இராமர் கோயில் கதையில் வரும் துரை அவர்தான். ஏரியும் கரையும் நெல்லும் வரியும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை வேலையாகவே அறிந்திருந்த அதிகாரி அவர். வேடந்தாங்கல்காரர்கள் அவரிடம் பறவையின் அழகைப் பற்றிப் பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. விளைச்சலைப் பற்றிப் பேசியிருப்பார்கள். விளைச்சல் என்றால் வரி. அது அவருக்குப் புரிந்திருக்கும். என் ஊகம்தான் இது. ஆனால் யார் கேட்டார்கள், எதற்காகக் கேட்டார்கள், கிடைத்ததை யார் காவல் காத்தார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த ஊரில் ஒரே விடைதான் இருக்கிறது. இன்று நான் பேசப் போகும் ஒவ்வொரு இடத்திலும் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

இப்போது 1872-க்கு வருகிறேன். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பகுதிக்கு முந்தைய ஆண்டு ஹேடன் என்ற நிலவியலாளர் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு போனது. தாமஸ் மோரன் என்ற ஓவியரும் வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்ற புகைப்படக்காரரும் கூடவே போனார்கள். கொதித்துப் பீறிடும் வெந்நீர் ஊற்றுகளின் படங்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தை அசைத்தன. மார்ச் 1-ஆம் தேதி அதிபர் கிராண்ட் கையொப்பமிட்டார், உலகின் முதல் தேசியப் பூங்கா பிறந்தது. குடியேற்றக்காரர்களும் சுரங்கக்காரர்களும் கண்ணில் பட்ட நிலத்தையெல்லாம் கூறு போட்டுக்கொண்டிருந்த காலத்தில், இவ்வளவு பெரிய நிலத்தை விற்பனைக்கு அப்பால் வைப்பது என்று ஓர் அரசு முடிவெடுத்தது எளிய காரியமில்லை. அந்தப் பெருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே பல்லாயிரம் ஆண்டுகளாக வேட்டையாடி வாழ்ந்த ஷொஷோனி முதலிய பழங்குடிகள் வெளியேற வேண்டியதாயிற்று. 1886 முதல் 1918 வரை அந்தப் பூங்காவைக் காவல் காத்தது அமெரிக்க ராணுவம். கேட்டவர்கள் ஒரு கூட்டம், இழந்தவர்கள் இன்னொரு கூட்டம், காத்தவர்கள் மூன்றாவது கூட்டம்.

அந்த நாட்டின் மிகப் பெரிய இயற்கைப் பாதுகாப்புக் குரல் ஜான் மியூர். யோசமிட்டி 1890-இல் தேசியப் பூங்கா ஆனதில் அவர் எழுத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1892-இல் சியரா கிளப் என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். அவர் வாழ்நாளிலேயே, அந்தப் பூங்காவின் எல்லைக்குள்ளேயே இருந்த ஹெட்ச் ஹெட்சி என்ற பள்ளத்தாக்கில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் தண்ணீருக்காக அணை கட்ட 1913-இல் சட்டம் இயற்றினார்கள். பல ஆண்டுகள் நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது, பத்திரிகைகள் எழுதின, ஒன்றும் எடுபடவில்லை. அடுத்த ஆண்டு மியூர் இறந்துபோனார். தேசியப் பூங்கா என்ற பெயர் வைத்துவிட்டால் போதும், யாரும் தொட மாட்டார்கள் என்று நம்புகிற நண்பர்களுக்கு நான் இந்தப் பள்ளத்தாக்கின் கதையைச் சொல்வதுண்டு.

சென்னை மாகாணத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறக்கப்பட்டது. அது திருவள்ளூர் வழியாகத்தான் போனது. தண்டவாளத்துக்கு அடிக்கட்டைகள் வேண்டும், இஞ்சினுக்கு விறகு வேண்டும். அதே 1856-இல்தான் ஹியூ கிளெக்ஹார்ன் என்ற மருத்துவர் மாகாணத்தின் வனப் பாதுகாவலர் ஆனார். காடு எவ்வளவு வேகமாக அழிகிறது என்று எழுதிய முதல் அதிகாரிகளில் அவர் ஒருவர். ஆனால் அவர் கவலையின் மையத்தில் இருந்தது மரம், மரக்கட்டை, விறகு. நம் பகுதிக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் காட்டு விறகு பழவேற்காடு ஏரி வழியாகவும் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகவும் படகுகளில் சென்னைக்குப் போனது. பட்டணத்தின் அடுப்புகள் எரிந்தது இந்த ஏரிக்கரை விறகில். 1806-இல் எண்ணூர் வரை வெட்டப்பட்ட சிறு கால்வாய் வடக்கே நீண்டு, தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களின் உழைப்பால் வளர்ந்து, 1878-இல் ஆளுநர் பெயரைப் பெற்றது. அந்தப் பஞ்சத்துக் கூலிகளின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

எல்லோஸ்டோனுக்கு மறு ஆண்டே, 1873-இல், காட்டு யானைகளைக் கண்டபடி கொல்வதைத் தடுக்க சென்னை மாகாணம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இந்தியா முழுமைக்குமான யானைச் சட்டம் வர மேலும் 6 ஆண்டுகள் ஆயின. 1879-இல் நீலகிரி வேட்டைச் சட்டம். அதற்குப் பின்னால் இருந்தது 1877-இல் தொடங்கிய வேட்டைக்காரர் சங்கம். வரையாடு அடியோடு அழிந்துவிட்டால் சுடுவதற்கு ஒன்றும் இருக்காது என்ற கவலை அவர்களுக்கு. காரணம் எதுவாயினும் வரையாடு தப்பியது. 1990-இல் முக்கூர்த்தி தேசியப் பூங்காவாக ஆனபோது அங்கே காக்க வரையாடு மிச்சம் இருந்ததற்கு அந்தப் பழைய கட்டுப்பாடுகளும் ஒரு காரணம். 1936-இல் ஹெய்லி தேசியப் பூங்கா, இன்றைய கார்பெட், இந்தியாவின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 1940-இல் முதுமலை சரணாலயம். இந்த வரிசையை நீங்கள் எந்தப் பொது அறிவு நூலிலும் பார்க்கலாம், நான் வேகமாகக் கடந்து போகிறேன்.

கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912-இல் பிறந்தவர். 1950-இல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிய பத்தி ஒன்றைத் தொடங்கி, 1996-இல் இறக்கும் வரை, 46 ஆண்டுகள் இடைவிடாமல் எழுதினார். தமிழிலும் எழுதினார். தியடோர் பாஸ்கரன் அந்தக் கட்டுரைகளைத் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகக் கொண்டுவந்த பிறகே இந்தத் தலைமுறைக்கு அது தெரிந்தது. பல கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே பொருத்திக்கொண்ட கேமராவோடு முதுமலையில் யானைக் கூட்டங்களின் பின்னால் நடந்தவர். எந்த அலுவலகமும் அவரைக் கட்டுப்படுத்தவில்லை, எந்த நிறுவனத்தின் சம்பளத்தையும் நம்பி அவர் பேசவில்லை. ஒரு நாட்டின் அடையாளம் அதன் கோயில்களிலும் மொழிகளிலும் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு அதன் செடிகொடிகளிலும் விலங்குகளிலும் இருக்கிறது என்பது அவருடைய அடிப்படை வாதம். வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து நட்டுப் பசுமை காட்டுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். நிலத்தின் ஒரு பகுதியையாவது மனிதர் கை வைக்காமல் அப்படியே விட்டுவிட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே இல்லை.

இந்தக் கடைசிக் கருத்தில்தான் எனக்கும் அவருக்கும் இடைவெளி. யானைக்கும் புலிக்கும் அவர் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆட்கள் நடமாட்டம் இல்லாத பெரிய காடு அவற்றுக்கு வேண்டும். ஆனால் ஓர் ஏரிக்கு, அதுவும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இறங்கி நடந்து இறால் பிடிக்கும் ஏரிக்கு, அதே அளவுகோலை எடுத்துப் போட முடியுமா?

அதற்கு முன் கிண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 1821-இல் கும்பினி வாங்கிய கிண்டித் தோட்டம் ஒரு காலத்தில் 500 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்தது. 1910-இல் காப்புக்காடு ஆனது. பிறகு ஐஐடிக்கு ஒரு பகுதி, 1961-க்கும் 1977-க்கும் இடையில் கல்வி நிறுவனங்களுக்கும் நினைவிடங்களுக்குமாகச் சுமார் 170 ஹெக்டேர். 1978-இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது எஞ்சியது 2.7 சதுர கிலோமீட்டர். நகரத்தின் நடுவே வெளிமான் துள்ளுகிறது என்றால் அந்த அறிவிப்பினால்தான். ஆனால் கொடுத்தவை எல்லாம் நல்ல காரியங்களுக்காகவே கொடுக்கப்பட்டன என்பதையும் கவனியுங்கள். கல்லூரி, மருத்துவமனை, தலைவர்களின் நினைவிடம். காடு பெரும்பாலும் இப்படி, யாரும் மறுத்துப் பேசத் தயங்கும் காரணங்களுக்காகத்தான் கரைகிறது.

தமிழ்நாட்டில் கடலோர மக்கள் தேசியப் பூங்காவை நேருக்கு நேர் சந்தித்தது மன்னார் வளைகுடாவில். 1986-இல் 21 தீவுகளைச் சுற்றி 560 சதுர கிலோமீட்டர் கடல் தேசியப் பூங்கா ஆயிற்று. பவளப்பாறையை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது, ஆகவே காப்பு தேவைப்பட்டது. ஆனால் அந்தத் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் ஒரே நாளில் அத்துமீறியவர்கள் ஆனார்கள். அவர்களோ, மாதத்தில் சில நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது, இனப்பெருக்கக் காலத்தில் கடலில் இறங்காமலிருப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். வேடந்தாங்கலில் ஊர்க் கட்டுப்பாட்டுக்கு அரசு எழுத்தில் ஆதரவு கொடுத்தது. மன்னார் வளைகுடாவில் அரசின் எழுத்து முதலில் வந்து, ஊரின் கட்டுப்பாட்டைப் பார்க்காமலேயே போனது.

இனி நம் ஏரி. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஆந்திரப் பகுதி 1976-இலும் தமிழ்நாட்டுப் பகுதி 1980-இலும் பறவைகள் சரணாலயம் ஆயின. நம் பக்கத்தில் 153.67 சதுர கிலோமீட்டர், ஏரியோடு ஊர்களும் வயல்களும் அந்த எல்லைக்குள் வந்துவிட்டன. தெற்கே ஆரணியாறு, வடக்கே காலங்கி, சுவர்ணமுகி என்று ஆறுகள் நன்னீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. மழைக்காலத்தில் ஏரி இனிப்புப் பக்கம் சாய்கிறது, கோடையில் கடலைவிட உப்பாகிறது. ஏரியின் பெரும்பகுதியில் ஒருவர் நின்றால் இடுப்பளவுதான் தண்ணீர். அந்த ஆழமின்மையால்தான் பூநாரைகள் வருகின்றன. நீண்ட காலை ஊன்றி, அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்றுநீரை வடிகட்டி நுண்ணுயிர்களையும் சிற்றுயிர்களையும் உண்ண அவற்றுக்கு இப்படிப்பட்ட தண்ணீர்தான் வேண்டும்.

இறாலின் வாழ்க்கை வேறு மாதிரி. அது கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, சேற்றிலும் பாசியிலும் வளர்ந்து, பருவம் வந்ததும் கடலுக்குத் திரும்புகின்றன. முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபட்டால் அந்த ஆண்டு இறால் இல்லை. ஏரியின் நலத்தை நாள்தோறும் கையால் தொட்டு அறிகிறவர்கள் மீனவர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். முகத்துவாரம் எந்த மாதம் அடைபட்டது, எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை வடக்கே நகர்ந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தலைமுறைக் கணக்கு.

அவர்களிடம் ஒரு சட்டமும் உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்ற மூன்று ஊர்களும் இறால் வலை கட்டும் இடங்களைத் தமக்குள் வகுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கி, முறை வைத்து மீன் பிடிக்கின்றன. நல்ல பாடு ஒருவருக்கே நிரந்தரமாகப் போய்விடாது. எத்தனை பேர் எங்கே எப்போது இறங்கலாம் என்ற வரம்பு அதற்குள்ளேயே இருக்கிறது. உலகெங்கும் மீன்வள அறிஞர்கள் தேடி வந்து படித்த ஏற்பாடு இது. இதைக் குறையற்றது என்று போற்றிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. பாட்டில் இடமில்லாதவர்கள் ஏரியைச் சுற்றி நிறையப் பேர் உண்டு. தலித் மீனவர்கள் இந்த உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. இருளர் பெண்கள் பாட்டுக்கு வெளியே, ஓரத் தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பறிக்குள் போடுகிறார்கள். வலையும் இல்லை, படகும் இல்லை. ஏரியிலிருந்து மிகக் குறைவாக எடுப்பவர்கள் அவர்கள், ஏரியின் ஓரம் கெட்டால் முதலில் பட்டினி கிடப்பவர்களும் அவர்கள்.

சட்டப்படி சரணாலயம் ஆவது இரண்டு படிகளில் நடக்கும். முதலில் உத்தேச அறிவிப்பு. பிறகு எல்லைக்குள் யாருக்கு என்ன உரிமை என்று கலெக்டர் விசாரித்துத் தீர்த்து வைத்த பின் இறுதி அறிவிப்பு. பழவேற்காட்டில் முதல் படியில் ஏறிய பிறகு, உரிமை விசாரணை முடியாமலேயே பல பத்தாண்டுகள் ஓடின. ஆகவே பாடு எந்த அரசிதழிலும் ஏறவில்லை. இருளர் பெண்ணின் ஓரத் தண்ணீர் எந்த வரைபடத்திலும் இல்லை. முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்கக் கற்சுவர் வேண்டும் என்று மீனவர்கள் கேட்டுக்கேட்டு ஓய்ந்து, அரசு ஒப்புக்கொண்ட பிறகும், சரணாலய எல்லைக்குள் வருவதால் காட்டுயிர் வாரியத்தின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த அனுமதிமுறை தவறு என்று நான் சொல்லவில்லை. முகத்துவாரத்தில் கல்லைக் கொட்டும் முன் ஆராயத்தான் வேண்டும். ஏரியை உயிரோடு வைக்கக் கேட்டவர்களை ஏரிக்கு அந்நியரைப் போல வரிசையில் நிறுத்தியதுதான் எனக்கு வலிக்கிறது.

ஸ்ரீஹரிகோட்டாவை இங்கே குறிப்பிடாமல் போக முடியாது. 1969-இல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அந்தத் தீவு தேர்ந்தெடுக்கப்பட்டது. விறகுக்காகச் சென்னைக்கு வெட்டப்பட்ட அதே காடு, வெளியாள் நுழைய முடியாத பாதுகாப்பு வளையத்துக்குள் வந்ததும் மீண்டு நிற்கிறது. கிழக்குக் கடற்கரையில் இவ்வளவு பரப்பில் உலர் பசுமைமாறாக் காடு இருப்பது அபூர்வம். அதே சமயம் தீவுக்குப் போகச் சூளூர்ப்பேட்டையிலிருந்து ஏரிக்குக் குறுக்கே போட்ட சாலை, ஏரியின் வடபகுதியில் நீரோட்டத்தைத் தடுத்தது. தீவிலிருந்த மீனவக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ஒரே வேலியால் காடு வாழ்ந்தது, ஏரி இளைத்தது, ஊர்கள் இடம்பெயர்ந்தன. இதில் எதையும் மற்றொன்றைச் சொல்லி ஈடுகட்ட முடியாது.

ஏரியை விட்டு மேற்கே வருவோம். சரணாலயத்தின் எல்லை தண்ணீரைச் சுற்றியும் கரையோரத்தைச் சுற்றியும் போடப்பட்டது. ஆனால் ஏரிக்கு வரும் தண்ணீர் ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி என்று ஆரணியாற்றின் வழியெல்லாம் நடந்து வருகிறது, நூற்றுக்கணக்கான ஏரி குளங்களின் கலங்கல் வழிந்து வருகிறது. அந்த நிலத்தில்தான் இரும்பு உருக்காலைகளும் ரசாயன ஆலைகளும் எழுந்தன. இங்கிருக்கும் தொழிலாளர்களின் வீட்டு அடுப்பு அந்த ஆலைகளால் எரிகிறது என்பதை மறந்து நான் பேசவில்லை. கும்மிடிப்பூண்டிப் புகையை முதலில் சுவாசிப்பவரும் அந்தத் தொழிலாளிதான்.

கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகை மக்களை நான் வேடந்தாங்கல் மக்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் தலித் குடும்பங்கள். ஆடு மாடு மேய்க்கவும், விறகு, மூலிகை, பழம் எடுக்கவும் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பொதுக்காட்டை அவர்கள் காவல் காத்து வந்தார்கள். மழைநீர் அதில் இறங்கி ஊர் ஏரிகளுக்குப் போயிற்று. வருவாய்த்துறைப் பதிவேட்டில் அது புறம்போக்கு, காப்புக்காடு இல்லை. 2000-களின் இறுதியில் அதை சிப்காட் தொழிற்பூங்காவுக்கு எடுத்தபோது மக்கள் மறித்தார்கள், கைதானார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். மரங்கள் வெட்டப்பட்டன. ஒரு பிரெஞ்சு டயர் நிறுவனம் அங்கே ஆலை கட்டியது. 2012-இல் இந்த ஊர்ச் சங்கம் பிரான்சின் தொழிற்சங்கத்தோடும் மனித உரிமை அமைப்புகளோடும் சேர்ந்து, பன்னாட்டு நிறுவனங்களின் நடத்தை விதிகளைக் கவனிக்கும் பாரிஸ் அலுவலகத்தில் முறையீடு கொடுத்தது. 1798-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் வரை போன கால்கள் 2012-இல் பாரிஸ் வரை போயின. முதலில் போனவர்களுக்கு உத்தரவு கிடைத்தது. பின்னால் போனவர்களுக்கு விசாரணையும் அறிக்கையும் கிடைத்தன, காடு திரும்பவில்லை.

தெற்கே எண்ணூரும் காட்டுப்பள்ளியும். 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-இல் எண்ணூர்த் துறைமுகம், பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம். கொசஸ்தலையாற்றின் கழிமுகம் சாம்பலால் மேடிட்டதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை, கண்டவர்கள் இருக்கிறீர்கள். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் பரவியது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டம் வந்தபோது, கடலுக்கும் காயலுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய மணல்திட்டு அரித்துப் போகும், கடலும் பழவேற்காடும் ஒன்றாகும் என்று மீனவர்கள் சொன்னார்கள். 2021 ஜனவரியில் வைத்த கருத்துக்கேட்புக் கூட்டமும் 2023 செப்டம்பரில் வைத்த கூட்டமும் ஒத்திவைக்கப்பட்டன. சரணாலயம் என்ற அறிவிப்பு இருந்ததால் சட்ட வாதத்துக்கு ஒரு பிடி கிடைத்தது உண்மை. அந்தப் பிடியைப் பிடித்து இழுத்தவர்கள் மீனவக் கிராமத்தார்.

வேடந்தாங்கலுக்கே கூட அண்மையில் ஒரு சோதனை வந்தது. 2020-இல் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் ஆரத்தை 3 கிலோமீட்டராகக் குறைக்க ஒரு முன்மொழிவு எழுந்து, பெரும் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் இன்னும் இருக்கிறது. மதுரை அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. அந்த நிலத்தையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் விடப்பட்டபோது ஊர்கள் திரண்டு மதுரைக்கு நடந்தன. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அரிட்டாபட்டிக்குத் தேசியப் பூங்கா என்ற பெயர் கிடையாது. ஊராட்சியின் தீர்மானமும், எந்தப் பாறையில் எந்தக் கழுகு கூடு கட்டுகிறது என்று சொல்லத் தெரிந்த மக்களும் அங்கே இருந்தார்கள்.

ஆகவே பழவேற்காட்டுக்கு நான் கேட்பது இதுதான். உரிமை விசாரணையைச் செய்யும்போது சர்வே எண்களை மட்டும் பார்த்து, எந்த நிலத்தை எல்லைக்கு வெளியே தள்ளலாம் என்று தேடும் வேலையாக அது முடிந்துவிடக் கூடாது. பாட்டு முறையையும், பாட்டில் இடம் மறுக்கப்பட்டவர்களின் உரிமையையும், இருளர் பெண்கள் இறங்கும் ஓரங்களையும் சேர்த்துப் பதிய வேண்டும். முகத்துவாரம் பற்றிய எந்த முடிவிலும் மீனவப் பஞ்சாயத்துக்குக் கேட்கப்படும் இடம் வேண்டும். சரணாலயத்தைச் சுற்றி அமையும் சூழல் உணர்திறன் மண்டலத்தின் எல்லையை வகுக்கும்போது ஆரணியாற்றின் நீர்வரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இங்கே இருக்கும் மாணவர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அத்தகைய மண்டலத்துக்கான வரைவு அறிவிக்கை வெளிவந்தால் ஆட்சேபம் தெரிவிக்க 60 நாள் அவகாசம் உண்டு. ஆலைக்கோ துறைமுகத்துக்கோ கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால் 30 நாள் முன்னறிவிப்பு வர வேண்டும், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் தமிழில் கலெக்டர் அலுவலகத்திலும் மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்க வேண்டும். முழு அறிக்கை பல நூறு பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் படித்து, ஏரியைப் பற்றி அதில் எழுதியிருப்பதும் மீனவர் அறிந்திருப்பதும் எங்கே முரண்படுகின்றன என்று பக்க எண்ணோடு குறித்துக் கொடுக்கப் படித்த பிள்ளைகள் வேண்டும். முகத்துவாரம் அடைபட்ட ஆண்டுகள், பூநாரை வந்த மாதங்கள், எந்தப் பாட்டில் எந்த இறால் நின்றுபோனது என்ற விவரங்கள் இன்று பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவர்களில் சிலர் இந்த அரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களிடம் போய்ப் பேசுங்கள், குறிப்பேட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.